வடதுருவம் யாருக்குச் சொந்தம்?

கடலுக்கு அடியில் ஒரு மலை. அதற்கு மூன்று நாடுகள் பட்டா கேட்கின்றன!

2007-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி.

பூமியின் உச்சந்தலையான வடதுருவத்தில் ரஷியக் கப்பல்கள் வந்து நின்றன. சுற்றிலும் பனிக்கட்டி. நடுவில் பனி விலகிய ஒரு சிறு குளம்.

அந்தக் குளத்தின் வழியாக "மிர்" என்ற பெயர் கொண்ட இரண்டு சின்னஞ்சிறு நீர்மூழ்கிகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் 3 பேர். அவர்கள் போய்ச் சேர்ந்த ஆழம் 4,261 மீட்டர். அதாவது, 4 கிலோ மீட்டருக்கும் அதிகம்! அங்கே சூரிய வெளிச்சம் எட்டிப் பார்த்ததே இல்லை.

தரையைத் தொட்டதும் ஒரு நீர்மூழ்கியின் இயந்திரக் கை நீண்டது. டைட்டானியம் என்ற துருப்பிடிக்காத உலோகத்தில் செய்த ரஷியக் கொடியைச் சேற்றில் நட்டது.

கொடி நட்டதைவிட மேலே திரும்பி வருவதுதான் ஆபத்தான காரியம். தலைக்கு மேல் பனிக்கூரை. இறங்கிய ஓட்டையைத் தவற விட்டால் வெளியே வர வழி கிடையாது. எப்படியோ தேடிக் கண்டுபிடித்து எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஆர்தர் சிலிங்கரோவுக்கு ரஷியாவில் பெரிய வரவேற்பு.

மற்ற நாடுகளுக்குக் கோபம் வந்தது. "கொடி நட்டு இடம் பிடிப்பதற்கு இது என்ன 15-ம் நூற்றாண்டா?" என்ற கருத்தில் கனடாவின் வெளிநாட்டு மந்திரி பதில் கொடுத்தார்.

அவர் சொன்னது சரிதான். கொடியை நட்டால் கடல் சொந்தமாகிவிடாது. அப்படியானால் எதனால் சொந்தமாகும்?

பாறையால்! கடலுக்கு அடியில் இருக்கும் பாறை எந்த நாட்டோடு சேர்ந்தது என்று காட்ட வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடித்தான் பல நாடுகளின் விஞ்ஞானிகள் பனிக்கடலில் உயிரைப் பணயம் வைத்தார்கள். அந்தக் கதையைப் பார்ப்போம்.

திண்ணையும் படியும்

தென்துருவத்தில் பனிக்குக் கீழே நிலம் இருக்கிறது. வடதுருவத்தில் அப்படி இல்லை. பனிக்குக் கீழே கடல்தான். அதன் பெயர் ஆர்க்டிக் சமுத்திரம். ரஷியா, கனடா, அமெரிக்கா, நார்வே, டென்மார்க்குக்கு உட்பட்ட கிரீன்லாந்து ஆகியவை அதைச் சுற்றி இருக்கின்றன.

நாம் கடற்கரையில் நின்று பார்க்கும்போது, நிலம் அலையோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் முடிவதில்லை. நிலம் தண்ணீருக்குள்ளும் நீண்டு போகிறது.

வீட்டுக்கு வெளியே திண்ணை இருப்பதுபோல, கண்டத்துக்கு வெளியே தண்ணீருக்குள் ஒரு திண்ணை இருக்கிறது. அங்கே ஆழம் குறைவு. திண்ணை முடிந்ததும் படிபோலச் சரிவு. சரிவு முடிந்ததும் ஆழ்கடல் தரை. திண்ணையும் படியும் வீட்டோடு சேர்ந்தவை அல்லவா? அதுபோல இந்தத் திட்டும் சரிவும் கண்டத்தோடு சேர்ந்தவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1982-ம் ஆண்டில் ஐ.நா. சபையின் முயற்சியால் கடல் சட்ட ஒப்பந்தம் உருவானது. 1994-ம் ஆண்டில் அது அமலுக்கு வந்தது.

கரையில் இருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் ஆட்சி. (ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர்.) 200 கடல் மைல் வரை, மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கே உரிமை.

அதற்கும் அப்பால்? அங்கேதான் சிக்கல்.

"எங்கள் திண்ணை 200 மைலுக்கு அப்பாலும் நீளுகிறது" என்று ஒரு நாடு ருசுப்படுத்தினால், அந்தக் கடல் தரையில் உள்ள செல்வமும் அதற்குச் சேரும். மேலே உள்ள தண்ணீரும் மீனும் சேராது. தரையும் தரைக்குக் கீழே இருப்பதும்தான்.

ருசுப்படுத்தும் முறையையும் சட்டமே சொல்கிறது. முதலில் சரிவின் அடிவாரம் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து 60 கடல் மைல் வரை உரிமை கேட்கலாம். அல்லது, தரையில் படிந்துள்ள வண்டலின் கனத்தைக் காட்டலாம். அடிவாரத்தில் இருந்து 100 கிலோ மீட்டர் தள்ளி ஓர் இடத்தைக் கேட்டால், அங்கே வண்டல் குறைந்தது 1 கிலோ மீட்டர் கனம் இருக்க வேண்டும்.

உச்சவரம்பும் உண்டு. கரையில் இருந்து 350 கடல் மைல். அல்லது 2,500 மீட்டர் ஆழம் வரும் கோட்டில் இருந்து 100 கடல் மைல். இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டக் கூடாது.

கடலுக்கு அடியில் உள்ள மலைத்தொடருக்குத் தனி விதி. அது வெறும் மலைத்தொடர் என்றால் 350 மைலோடு நிற்க வேண்டியதுதான். கண்டத்தின் இயற்கையான அங்கம் என்று காட்டிவிட்டால், இன்னும் எட்டிப் போகலாம். ஒரு வார்த்தையில் லட்சக்கணக்கான சதுர கிலோ மீட்டர் கைமாறும்!

மறைந்து கிடந்த மலை

அப்படிப்பட்ட மலைத்தொடர் ஒன்று ஆர்க்டிக் கடலின் நடுவே இருக்கிறது.

1893-ம் ஆண்டில் நார்வே நாட்டு வீரர் நான்சென், "பிராம்" என்ற கப்பலைப் பனியில் சிக்க வைத்து, பனி இழுத்த இழுப்பில் மிதந்தார். வடகடல் ஆழமில்லாதது என்று எண்ணிக் கொண்டு போன கயிறு தரையைத் தொடவில்லை. கப்பலில் இருந்த இரும்பு வடத்தைப் பிரித்து முறுக்கி, நீளமான கம்பிக் கயிறு செய்தார்கள். அதை விட்டுப் பார்த்த பிறகே, அது மகா ஆழமான சமுத்திரம் என்று தெரிந்தது.

ஆனால் எல்லா இடமும் ஆழம் அல்ல. 1948-ம் ஆண்டில் சோவியத் விஞ்ஞானிகள் பனியில் விமானத்தை இறக்கி ஆழம் பார்த்தார்கள். ஓர் இடத்தில் கடல் தரை திடீரென்று மேலே ஏறியது. அங்கே ஒரு மலைத்தொடர்! அதற்கு லொமொனோசவ் என்ற ரஷிய மேதையின் பெயரைச் சூட்டினார்கள்.

அதன் நீளம் சுமார் 1,800 கிலோ மீட்டர். அக்கம்பக்கத்துத் தரையில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஒரு முனை சைபீரியா பக்கம். மறுமுனை கிரீன்லாந்து, கனடா பக்கம். நடுவில் வடதுருவத்துக்கு அருகிலேயே போகிறது.

சத்தம் போட்டு அளக்கிறார்கள்

இந்தக் காலத்தில் கயிறு விடுவதில்லை. சத்தத்தை விடுகிறார்கள்.

தண்ணீரில் சத்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். கப்பலின் அடியில் இருந்து ஒரு சத்தம் போட்டால், அது தரையில் மோதி எதிரொலியாகத் திரும்பும். போய் வர எத்தனை விநாடி ஆயிற்று என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். 4,200 மீட்டர் ஆழத்துக்குச் சத்தம் போய் வர ஐந்தரை விநாடிக்குச் சற்று அதிகம் ஆகும். ஒரே நேரத்தில் பல திசையில் சத்தம் அனுப்பி, அகலமான பட்டையாகத் தரையைப் படம் பிடிக்கும் கருவிகளும் இருக்கின்றன.

தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க, இன்னும் பலமான சத்தம் வேண்டும். அழுத்தி அடைத்த காற்றைத் தண்ணீருக்குள் திடீரென்று திறந்துவிடுகிறார்கள். "டமார்" என்ற அதிர்வு மண்ணுக்குள் நுழைகிறது. வண்டல், பாறை என்று ஒவ்வோர் அடுக்கும் ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்புகிறது. கப்பலின் பின்னால் இழுத்து வரும் கேபிளில் உள்ள கருவிகள் அதைக் கேட்கின்றன. வைத்தியர் நெஞ்சில் தட்டிப் பார்ப்பதுபோலத்தான்.

பாறைக்குப் பாறை சத்தத்தின் வேகம் மாறும். கண்டத்துப் பாறை கனமான அடுக்கு. ஆனால் எடை குறைவு. ஆழ்கடல் பாறை மெல்லிய அடுக்கு, எடை அதிகம். சத்தத்தின் வேகம், பூமியின் ஈர்ப்பு, காந்த சக்தி ஆகியவற்றை அளந்து, இது எந்த ஜாதிப் பாறை என்று சொல்லிவிடுகிறார்கள்.

பனிக்குள் படும் பாடு

சாதாரணக் கடலில் இது சுலபம். பல கிலோ மீட்டர் நீளமுள்ள கேபிளை இழுத்துக்கொண்டு கப்பல் நேராகப் போகும். துருவக் கடலில் அது நடக்காது. கப்பல் உடைத்த வழி உடனே மூடிக்கொள்ளும். நீளமான கேபிள் பனியில் மாட்டி அறுந்துவிடும். எனவே கேபிள் சிறியதாக இருக்க வேண்டும். பனி உடையும் சத்தமோ காதைப் பிளக்கும். அதற்கு நடுவே எதிரொலியைப் பிரித்தெடுக்க வேண்டும்.

அதனால் கனடாவும் அமெரிக்காவும் 2008-ம் ஆண்டு முதல் 2011-ம் ஆண்டு வரை இரண்டு கப்பல்களைச் சேர்த்து அனுப்பின. ஒன்று முன்னால் பனியை உடைத்துப் போகும். மற்றொன்று பின்னால் அளந்துகொண்டு வரும்.

2006-ம் ஆண்டில் கனடாவும் டென்மார்க்கும் கூட்டாக வேறொரு வேலை செய்தன. பனிமீதே கருவிகளைப் பரப்பி, பனிக்குக் கீழே வெடி வைத்து, மலைத்தொடரின் வேர் எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தன.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2007-ம் ஆண்டில் டென்மார்க் விஞ்ஞானிகள் சுவீடன் கப்பலில் அளக்கப் போனார்கள். பனி கடுமையாக இருந்தது. முன்னால் வழி உண்டாக்கிக் கொடுக்க யாருடைய கப்பலை அமர்த்தினார்கள் தெரியுமா? ரஷியாவின் அணுசக்திக் கப்பலை! ரஷியா கொடி நட்ட அதே கோடையில், அதற்குப் போட்டியாக ஆதாரம் சேர்க்க வந்தவர்களுக்கு ரஷியக் கப்பலே வழி திறந்துவிட்டது.

துருவத்தில் அசோலா!

2004-ம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து லொமொனோசவ் மலைமீது துளை போட்டார்கள். துளை போடும் கப்பல் அசையக் கூடாது. பனியோ நகர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ஓர் அணுசக்திக் கப்பல் முன்னால் நின்று பெரிய பாளங்களை உடைத்தது. இரண்டாவது கப்பல் அவற்றைச் சிறு துண்டாக்கியது. மூன்றாவது கப்பல் துளை போட்டது. 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குத் துளை இறங்கியது.

வெளியே வந்த மண்ணைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். 4 கோடியே 90 லட்சம் ஆண்டுக்கு முந்தைய அடுக்கில் இருந்தது என்ன தெரியுமா? அசோலா!

ஆம், நம் விவசாயிகள் நெல் வயலில் உரத்துக்கு விடுகிறார்களே, மாட்டுக்குத் தீவனமாகத் தொட்டியில் வளர்க்கிறார்களே, அதன் இனத்தைச் சேர்ந்த பெரணிச் செடிதான். ஒரு காலத்தில் வடதுருவக் கடலின் மேல்மட்டம் நல்ல தண்ணீராக இருந்தது. அதில் அசோலா மிதந்தது. அதற்கும் முன்னால், 5 கோடியே 50 லட்சம் ஆண்டுக்கு முன், அங்கே தண்ணீரின் வெப்பம் 23 டிகிரி அளவுக்குப் போயிருக்கிறது. குளிக்கப் போகலாம்!

இந்த மலைத்தொடர் ஆதியில் வடக்கு ஐரோப்பா, ரஷியா பக்கத்துக் கண்டத் திட்டோடு ஒட்டியிருந்த துண்டு என்பதும் தெரிந்தது. 5 கோடி ஆண்டுக்கு முன்பே பூமி பிளந்து அது விலகிப் போயிற்று.

மூன்று மனுக்கள்

யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வருவோம்.

இதற்காக ஐ.நா. ஏற்பாட்டில் ஒரு கமிஷன் இருக்கிறது. அதில் 21 நிபுணர்கள். அவர்கள் வக்கீல்கள் அல்ல. பூமியையும் கடலையும் ஆராய்ச்சி செய்தவர்கள்.

முதலில் மனுப் போட்டது ரஷியா. அது 2001-ம் ஆண்டு. "ஆதாரம் போதாது" என்று கமிஷன் திருப்பிவிட்டது. ரஷியா மறுபடியும் அளந்து, 2015-ம் ஆண்டில் புது மனுக் கொடுத்தது. 2021-ம் ஆண்டில் எல்லையை இன்னும் நீட்டியது. 2023-ம் ஆண்டில், ரஷியா கேட்டதில் பெரும்பகுதிக்கு விஞ்ஞான ஆதாரம் இருக்கிறது என்று கமிஷன் சொன்னது.

டென்மார்க் 2014-ம் ஆண்டில் கிரீன்லாந்துக்காக மனுப் போட்டது. கேட்ட இடம் 8 லட்சத்து 95 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். அது டென்மார்க் நாட்டைப்போல 20 மடங்கு!

கனடா 2019-ம் ஆண்டில் மனுப் போட்டது. கேட்டது சுமார் 12 லட்சம் சதுர கிலோ மீட்டர்.

மூன்று மனுவிலும் வடதுருவம் இருக்கிறது. மூன்று நாடும் சொல்வது ஒன்றுதான்: "அந்த மலை எங்கள் கண்டத்தின் தொடர்ச்சி."

இதில் யார் சொல்வது பொய்? யாரும் சொல்லாமல் இருக்கலாம்! இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் நின்றால், இரண்டு பேரும் "என் வீட்டுச் சுவர்" என்று சொல்லலாம் அல்லவா? மலையின் இரு முனையும் இரு பக்கத்துக் கண்டத்தோடு சேர்ந்திருந்தால், எல்லோருடைய ஆதாரமும் சரியாகவே இருக்கும்.

கமிஷன் பங்கு பிரிக்காது. "உன் ஆதாரம் சரி, தப்பு" என்று மட்டுமே சொல்லும். பாகப்பிரிவினையைச் சம்பந்தப்பட்ட நாடுகளே பேசி முடிக்க வேண்டும்.

அமெரிக்கா இந்த ஒப்பந்தத்தில் சேராத நாடு. அதுவும் 2023-ம் ஆண்டு டிசம்பரில் தன் திட்டுக்கு எல்லை அறிவித்தது; அதில் ஆர்க்டிக் பகுதி மட்டும் 5 லட்சம் சதுர கிலோ மீட்டருக்கு மேல்.

புதையல் எங்கே?

எல்லோரும் சொல்லும் காரணம் எண்ணெய்.

2008-ம் ஆண்டில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஒரு மதிப்பீடு வெளியிட்டது. உலகில் இன்னும் கண்டுபிடிக்கப்படாத எண்ணெயில் நூற்றுக்கு 13 பங்கும், எரிவாயுவில் நூற்றுக்கு 30 பங்கும் ஆர்க்டிக் வட்டாரத்தில் இருக்கலாம் என்றது. எண்ணெய் மட்டும் 9,000 கோடி பீப்பாய்!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி கரையை ஒட்டிய ஆழமில்லாத திட்டில் இருக்கிறது. அது ஏற்கெனவே அந்தந்த நாட்டுக்குச் சொந்தம். சண்டைக்குரிய நடுக்கடலிலோ ஆழம் அதிகம், பனி அதிகம், செலவு அதிகம்.

அப்படியானால் ஏன் இத்தனை பாடு? இன்று பயன்படாவிட்டாலும் நாளை பயன்படலாம் என்ற எண்ணம் ஒன்று. விட்டுக்கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் மற்றொன்று. வரப்புத் தகராறில் நெல்லைவிடக் கவுரவம் பெரிதாகிவிடுவது நமக்குத் தெரியாததா?

கேட்காமல் அளக்கலாமா?

அங்கே யாரும் இல்லை என்று நினைக்கக் கூடாது. கனடாவின் வடகரையிலும் கிரீன்லாந்திலும் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். சீலும் திமிங்கிலமும் அவர்களுக்கு உணவு.

கனடாவில் கிளைடு ரிவர் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். அருகில் உள்ள கடலில் எண்ணெய் தேடி, காற்று வெடி போட்டு ஆய்வு நடத்த 2014-ம் ஆண்டில் அனுமதி கொடுக்கப்பட்டது. "இந்தச் சத்தத்தில் திமிங்கிலங்கள் ஓடிவிட்டால் நாங்கள் என்ன சாப்பிடுவது? எங்களைச் சரியாகக் கலந்து பேசவில்லையே?" என்று ஊரார் வழக்குப் போட்டார்கள். 2017-ம் ஆண்டில் கனடாவின் சுப்ரீம் கோர்ட்டு அந்த அனுமதியை ரத்து செய்தது. ஒரு கிராமம் பெரிய கம்பெனிகளின் கப்பலை நிறுத்திக் காட்டியது!

ஊர்ப் பொது

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

எந்த நாட்டுக்கும் சேராத கடல் தரை மனித குலம் முழுவதற்கும் பொதுச் சொத்து என்று சட்டம் சொல்கிறது. ஊர்ப் பொது நிலம் மாதிரி. ஒவ்வொரு நாடும் தன் வேலியைத் தள்ளிப் போடப் போட, பொது நிலம் சுருங்கும்.

இதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். 200 மைலுக்கு அப்பால் எண்ணெய் எடுத்தால், முதல் 5 ஆண்டு ஒன்றும் கட்ட வேண்டாம். 6-வது ஆண்டில் இருந்து விளைச்சலின் மதிப்பில் நூற்றுக்கு 1 வீதம் கட்ட வேண்டும். அது ஆண்டுக்கு 1 ஆக ஏறி, 12-வது ஆண்டில் 7 ஆகும். அந்தப் பணம் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட வேண்டும். ஏழை நாடுகளின் தேவையை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவும் 2009-ம் ஆண்டில் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் தன் திட்டுக்கு மனுப் போட்டது. அதே ஆண்டு இலங்கையும் போட்டது. துருவத்தில் உள்ள சட்டம்தான் இங்கும். வடகடலை ஆராய இந்தியா 2008-ம் ஆண்டில் "ஹிமாத்ரி" என்ற நிலையத்தை நார்வே நாட்டுத் தீவில் அமைத்தது. 2014-ம் ஆண்டில் அங்கே கடலுக்குள் இறக்கிய ஆய்வுக் கருவித் தொகுதியை வடிவமைத்தது, சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்!

சண்டை வருமா?

2022-ம் ஆண்டில் ரஷியா உக்ரைன்மீது படையெடுத்ததும், ஆர்க்டிக் கவுன்சிலில் மற்ற 7 நாடுகள் ரஷியாவோடு கூட்டம் நடத்துவதை நிறுத்திவிட்டன. 2025-ம் ஆண்டில், கிரீன்லாந்து தங்களுக்கு வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் பேசினார். இதனால் எல்லோருக்கும் கவலை.

ஆனால் நல்ல உதாரணங்களும் உண்டு. நார்வேயும் ரஷியாவும் ஒரு கடல் எல்லைக்காக 40 ஆண்டு பேசின. 2010-ம் ஆண்டில் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

ஹான்ஸ் தீவு என்ற மொட்டைப் பாறைக்குக் கனடாவும் டென்மார்க்கும் உரிமை கொண்டாடின. ஒரு நாட்டார் போய்த் தங்கள் கொடியை நட்டு, ஒரு பாட்டில் மதுவும் வைத்துவிட்டு வருவார்கள். அடுத்து மற்ற நாட்டார் போய்த் தங்கள் கொடியையும் தங்கள் ஊர் மதுவையும் வைப்பார்கள். இப்படியே பல காலம் நடந்தது! 2022-ம் ஆண்டில் தீவை இரண்டாகப் பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

நடுக்கடலில் மீன் பிடிக்க அவசரப்பட வேண்டாம் என்று ரஷியா, அமெரிக்கா, சீனா உள்பட 9 நாடுகளும் ஐரோப்பிய யூனியனும் 2018-ம் ஆண்டில் ஒப்பந்தம் செய்தன. 2021-ம் ஆண்டில் அது அமலுக்கு வந்தது. "முதலில் ஆராய்ச்சி, பிறகு யோசிப்போம்" என்பதே அதன் சாரம்.

அதுதான் புத்திசாலித்தனம். 2020-ம் ஆண்டில் வெளியான ஆர்க்டிக் கடல் வரைபடத்தில், நேரடியாக அளந்து தெரிந்துகொண்ட தரை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் ஊகம்! என்ன இருக்கிறது என்றே தெரியாத இடத்துக்காக அடித்துக்கொள்வதில் என்ன லாபம்?

4 கிலோ மீட்டர் ஆழத்தில், இருட்டில், அந்த டைட்டானியம் கொடி நட்டுக் கிடக்கிறது. அதற்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. பனியில் நடுங்கிக்கொண்டு விஞ்ஞானிகள் எடுத்து வந்த ஒரு பிடி மண்ணுக்கு மதிப்பு இருக்கிறது. அளந்து பார்த்துப் பேசித் தீர்த்தால், அந்தக் கடல் அமைதியாக இருக்கும்.